கொப்பியில் எழுதாத குளிசை

தம்பி,

சுகம் விசாரிப்பதை இந்த முறை கடைசிக்குத் தள்ளிவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குப் பல நாட்களுக்கு முன்பே வதனி கொழும்பிலிருந்து உனக்கு ரெலிபோன் எடுத்திருப்பாள். இரவில் நீ போடுகிற கொலஸ்ரோல் குளிசையை இன்றைக்கே நிறுத்து, நாளைக்கே டொக்டரிடம் போ, கால் உழைந்து நோவதை அவரிடம் சொல் என்று, அம்மா சொன்னதாக மூன்று விஷயம் சொல்லியிருப்பாள். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. சண்டிலிப்பாயிலிருந்து அவளும் மாமனும் பயணம் சொல்ல வந்தபோது அந்த மூன்றையும் பாடமாக்கித் திருப்பிச் சொல்லவைத்தேன். "மாமி, நான் முதன்முதல் அவரோடை கதைக்கப்போறது இதைத்தானோ?" என்று கேட்டாள். ஓம் பிள்ளை, இதைத்தான் என்றேன். கல்யாணம் பேசி முடித்த பெண்ணின் குரலில் ஒரு மாப்பிள்ளை முதலில் கேட்க வேண்டியது வேறு கதை என்பது எனக்கும் தெரியும். மன்னித்துக்கொள். கிளாலிக் கடலைத் தாண்டி, கொழும்பில் விசாவுக்கு நின்று, அவள் கனடாவுக்கு உன்னிடம் வந்து சேர இரண்டு மாதமாவது ஆகும். உன் கால் அவ்வளவு நாள் பொறுக்குமோ தெரியாது. ஆகவே சொல் முதலில் வந்தது. காரணம் இந்தக் கடிதத்தில், அவள் கைப்பையில் பின்னால் வருகிறது.

உன் கடைசிக் கடிதத்தை நான் நாலு முறை வாசித்தேன். மூன்று பக்கத்துக்கு மண்டபம், தாலிக்கொடி, பனி. நாலாம் பக்கத்தின் ஓரத்தில், இடம் மிஞ்சியதால் எழுதியதுபோல, "இங்கே இரத்தம் சோதித்து எனக்கும் அப்பாவைப்போல கொழுப்பு என்றார்கள். இரவுக்கு ஒரு குளிசை தந்திருக்கிறார்கள். ஒரு மாதமாகத் தொடை இரண்டும் உழைகிறது, பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வேலை செய்கிற உழைவுதான், நீங்கள் யோசிக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். யோசிக்க வேண்டாம் என்று பிள்ளைகள் எழுதுகிற இடத்தில்தான் தாய்மார் யோசிக்கத் தொடங்குவது. அந்த வரி என்னை மூன்று வருஷம் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. "நின்று வேலை செய்கிற உழைவுதான்." உன் அப்பாவுக்கு நானும் ஏறக்குறைய அதையேதான் சொன்னேன்.

நான் இருபத்தாறு வருஷம் நேர்ஸ் வேலை பார்த்தவள். கடைசிப் பத்து வருஷத்தில் செவ்வாய்க்கிழமைகளில் இருதயக் கிளினிக்கும் என் பொறுப்பு. நீ எண்பத்தாறில் போனபோது அந்தக் கிளினிக்குக்கு ஒரு மேசையும் நோயாளர் இருக்க இரண்டு வாங்கும் இருந்தன. தொண்ணூறில் சண்டை தொடங்கிக் கொழும்புப் பாதை பூட்டியபிறகு மேசை மட்டும் மிஞ்சியது, வாங்கு பதுங்குகுழிக்குப் போய்விட்டது. கொழுப்பைக் குறைக்கிற மருந்து போடுகிறவர்களை டொக்டரிடம் அனுப்புமுன் நான்தான் முதலில் விசாரிப்பது. கை கால் உழைகிறதோ, படியேற முடிகிறதோ, சலம் என்ன நிறத்தில் போகிறது, கண் மஞ்சளாகிறதோ, கள்ளு எவ்வளவு, வேறு மருந்து ஏதும் குடிக்கிறீர்களோ, நாட்டு மருந்தும் சேர்த்துத்தான். ஒவ்வொருவரிடமும் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று இருக்கும். அவர் வாய்க்குள் போகிற எல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். இரத்தம் சோதிக்க மருந்துத் திரவம் இல்லாத காலம். எங்களிடம் இருந்த ஆய்வுகூடம் இந்தக் கேள்விகளும் அந்தக் கொப்பியும்தான். சாப்பாட்டைக் குறைக்கும்படி நான் யாருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை. இறைச்சியும் இல்லை, பட்டரும் இல்லை, பெற்றோலும் இல்லை. பொருளாதாரத் தடை போட்டவர்கள் தங்களுக்குத் தெரியாமலே எங்கள் எல்லோரையும் பத்தியத்தில் இருத்திச் சைக்கிளும் ஓட வைத்துவிட்டார்கள். ஆனால் உன் அப்பாவின் கொழுப்பு சாப்பாட்டால் வந்ததல்ல. அது இரத்தத்தோடு வந்தது. உன் பெரியப்பா நாற்பத்திரண்டு வயதில் சந்தையடியில் நின்றபடியே சரிந்ததும் அதனால்தான்.

அந்தக் காலத்தில் எங்கள் கிளினிக்கில் ஒரு வழக்கம் உண்டானது. யாரும் திட்டமிடவில்லை. ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தபின், வீட்டில் மிஞ்சிய குளிசைகளை உறவுக்காரர் கொண்டுவந்து தருவார்கள். செத்தவரின் வேட்டியைக்கூட இன்னொருவருக்குக் கொடுக்க யோசிக்கிற சனம், குளிசையைக் கொடுக்க யோசிக்கவில்லை. அவ்வளவு தட்டுப்பாடு. அதற்கென்று ஒரு பால்மா ரின் வைத்திருந்தேன். ஒவ்வொன்றையும் பார்த்து, பிரித்து, சின்னப் போத்தலில் போட்டு, பிளாஸ்ரர் ஒட்டிப் பெயர் எழுதுவேன். அதிலிருந்து ஒரு குளிசை வெளியே போவதற்கும் ஒரு சட்டம் இருந்தது. டொக்டர் கொப்பியில் எழுதினால் மட்டும்தான் கொடுப்பது. சட்டத்தை வைத்தவள் நான்தான்.

குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த திரேசம்மா என்கிற பெண் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தா. கடலில் பிறந்து வளர்ந்த புருஷன், கடலுக்கு இறங்கத் தடை வந்தபிறகு பள்ளிக்கூட வகுப்பறையில் குந்தியிருந்தே நெஞ்சு நொந்து செத்தவர். பிரான்சில் இருக்கிற மகள் ஆள்மூலம் அனுப்பிய குளிசையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தா. "மிஸ்ஸி, அவர் இருவது நாள்தான் போட்டவர். முப்பத்தோராம் நாள் பூசையும் முடிஞ்சுது. இது என்ரை கண்ணுக்கு முன்னாலை கிடந்தா எனக்கு அழுகைதான் வருது. ஆருக்கும் குடுங்கோ, அவரின்ரை பேராலை ஒரு உயிர் இருக்கட்டும்" என்றா. அவிழ்த்துப் பார்த்தேன். வெளிர் நீலக் குளிசை. பெட்டியும் இல்லை, விளக்கத் தாளும் இல்லை. சோதனைச் சாவடியைத் தாண்டுவதற்காக எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் கொண்டுவருவார்கள். மகளின் கையெழுத்தில் பெயரும் "இரவுச் சாப்பாட்டோடு ஒன்று" என்றும் ஒரு துண்டு மட்டும் இருந்தது. பெயரைக் கேள்விப்பட்டிருந்தேன். கொழுப்பைப் பாதியாகக் குறைக்கிற புது மருந்து என்று டொக்டர் ஒருமுறை சொல்லியிருந்தார்.

அது ரின்னுக்குள் போகவில்லை. நேரே என் கைப்பைக்குள் போனது.

உன் அப்பா அப்போது சாவகச்சேரியிலிருந்து கரவெட்டிப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய்வந்து படிப்பித்துக்கொண்டிருந்தார். காலையும் பின்னேரமும் சாப்பாட்டுக்கு முன் ஒரு பெரிய வெள்ளைக் குளிசை. அது கொழுப்புக்கு. அது கொப்பியில் இருந்தது. ஆனாலும் கொழுப்பு படிந்து கண்ணிமையில் வந்த மஞ்சள் தடிப்பு வற்றவில்லை, வேலி அடைக்க நாலு கதியால் நட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்குப் பயம். அதை மறைக்காமல் எழுதுகிறேன். உன் பெரியப்பாவைத் தூக்கிவந்த கதிரை எங்கள் வீட்டில்தான் கிடந்தது. நீல மருந்தை டொக்டரிடம் காட்டினால் அவர் வரிசையில் முன்னுக்கு நிற்கிறவருக்குத்தான் எழுதுவார். அந்த வரிசையில் உன் அப்பாவைவிட மோசமாக மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரையும் எனக்குத் தெரியும். மூன்றாவது ஆள் என்னைக் கண்டால் தோட்டத்துக் கத்தரிக்காய் தந்துவிட்டுப் போகிற மனிசன். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் எடுத்தேன்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு ஒடியற்கூழ். கோப்பைக்குப் பக்கத்தில் நீலக் குளிசையை வைத்தேன். "இது எங்கையிருந்து வந்தது?" என்றார். சொன்னேன். உன் அப்பா நேர்மையான மனிசன், ஆனால் என்னோடு சண்டை பிடிக்கிற மனிசன் அல்ல. அதைக் கையில் எடுத்து, "கொப்பியிலை எழுதினனீரோ?" என்று கேட்டார். "என்ரை வீட்டுக்காரருக்குக் கொப்பி எதுக்கு? கொப்பி நானிருக்கிறன்" என்றேன். இப்போதும் அந்த வசனம் எனக்குக் கேட்கும். இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்த ஒருத்தியின் திமிர் அதில் இருந்தது. எழுதாததற்கு உண்மையான காரணம் திமிர்கூட இல்லை. எழுதினால் டொக்டர் காண்பார். மிஸ்ஸி ஊர்ச் சொத்தில் கை வைத்தா என்று வரும். ஊருக்குப் பயந்தேன். குளிசைக்குப் பயந்திருக்க வேண்டும்.

மூன்றாம் கிழமை, நீலக் குளிசை தொடங்கி இருபது நாளளவில், உன் அப்பா சைக்கிளால் இறங்கும்போது தொடையைத் தேய்த்தார். "கால் உழையுதப்பா" என்றார். அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் கால் உழையாத ஆம்பிளை யார்? வங்கி மனேச்சரும் சைக்கிள், டொக்டரும் சைக்கிள். "வரணிப் பக்கத்து எதிர்காத்து, வேறை என்ன? நல்லெண்ணெய் பூசுங்கோ" என்றேன். பூசியும் விட்டேன். செவ்வாய்க்கிழமை தோறும் முப்பது பேரிடம் கேட்கிற கேள்விக்கு என் வீட்டிலேயே பதில் வந்து நின்றது. எனக்கு அது பதிலாகத் தெரியவில்லை. வெள்ளையும் நீலமும் சேர்ந்தால் தசையைக் கரைக்கும் என்பதை அன்றைக்கு நான் அறிந்திருக்கவில்லை. அது எனக்குத் தெரியாதது. ஆனால் கொழுப்பு மருந்து போடுகிறவனின் கால் உழைவைச் சும்மா விடக்கூடாது என்பது தெரியும். தெரிந்ததைச் செய்யாததைத்தான் நான் இங்கே சொல்கிறேன்.

அடுத்த கிளினிக்குக்கு அவரும் வந்தார். டொக்டர் கவனமான மனிசன். தொடையை அமர்த்திப் பார்த்தார், கொப்பியைப் புரட்டினார், திரும்பவும் புரட்டினார். "மாஸ்ரர், இதில இருக்கிறதைத் தவிர வேறை ஏதும் மருந்து குடிக்கிறீங்களோ?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். உன் அப்பா என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் சொல்லிவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். "இல்லை டொக்டர்" என்றார். டொக்டர் என்னைப் பார்த்தார். நேர்ஸிடம் கேட்கிற பார்வை, பெண்சாதியிடம் கேட்கிற பார்வை அல்ல. நான் கொப்பியை வாங்கி, அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். சைக்கிளை உருட்டிக்கொண்டே, "உம்மடை மரியாதையல்லோ போகும். நான் ஒரு இல்லை சொன்னா என்ன குறைஞ்சா போகுது?" என்றார். அன்றைக்கு அவர் சைக்கிளில் ஏறவில்லை. கால் தூக்க முடியவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. என்னோடு கதைத்துக்கொண்டு நடக்க விருப்பம் என்று நினைத்தேன்.

ஐந்தாம் கிழமை ஒரு காலை, கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு வந்து, "சலம் தேத்தண்ணிச் சாயம் மாதிரிப் போகுது" என்றார். வெயிலில் ஓடுகிறீர்கள், தண்ணீர் குடியுங்கோ என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். இரண்டாம் நாள் குடித்த தண்ணீரும் சத்தியாக வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாட்டில் கிடத்தினோம். நோயாளியின் போத்தலை எடுத்து அளப்பது சின்ன நேர்ஸின் வேலை. நான்தான் எடுத்தேன். நாலு தேக்கரண்டி இருக்கும், கறுப்பு. அதை வெளிச்சத்துக்குப் பிடித்தபோது எல்லாக் கேள்வியும் ஒன்றாக வந்தது. கால், படி, சலம், வேறு மருந்து. போத்தலோடு டொக்டரிடம் நடந்துபோய் நீலக் குளிசையைச் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. "அண்டைக்கே சொல்லியிருக்கலாம் மிஸ்ஸி" என்றார், அவ்வளவுதான். கரைந்த தசை சிறுநீரகத்தை அடைத்துவிட்டது, இரத்தம் சுத்திகரிக்கிற மிசின் வேண்டும், அது கொழும்பில்தான் என்றார். அந்தக் கிழமை கிளாலிக் கடற்பாதையும் அடைத்துக் கிடந்தது. ஆறாம் நாள் உன் அப்பா போய்விட்டார். கடைசிவரைக்கும் நீலக் குளிசையைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடமும் இல்லை.

பாதை திறந்திருந்தால் தப்பியிருப்பார் என்று ஊர் சொன்னது. அதில் பொய் இல்லை. ஆனால் பாதை தேவைப்படுகிற இடம் வரைக்கும் அவரைக் கொண்டுபோனது நான். நீ கனடாவிலிருந்து எழுதி அனுப்பியதை அந்தியேட்டிக் கல்வெட்டுப் புத்தகத்தில் அடித்தோம், "பாதை மறித்தவர்கள் பறித்த உயிர்" என்று. அச்சுக்குப் போகுமுன் அதை என்னிடம் வாசிக்கக் கொண்டுவந்தார்கள். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்திக் கொடுத்தேன். பெரிய பிழையை அப்படியே விட்டேன். யுத்தத்தின் தலையில் இவ்வளவு பழி கிடக்கிறதே, இன்னும் ஒன்று கிடந்தால் என்ன என்று நினைத்தேன். உனக்கு எழுத நினைத்த நாளெல்லாம் உண்டு. தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாயும் இல்லாமல் போய்விடும் என்று பயந்து எழுதவில்லை. அது உனக்காகவா எனக்காகவா என்று இப்போது கேட்டால், எனக்காகத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ குளிசையைக் குப்பையில் எறிந்துவிட்டு நான் சொன்னேன் என்று இருந்துவிடுவாய். உன் அப்பாவுக்குப் பிறகு அந்த மருந்தை ஒருவருக்கும் கொடுக்கக்கூடாது என்று இருந்தேன். ஒரு பொம்பிளை தனக்கு மகன் அனுப்பினது என்று அதே நீலக் குளிசையைக் கொண்டுவந்தா. அவவுக்கு வேறு கொழுப்பு மருந்து கிடையாது, கால் உழைவும் இல்லை. டொக்டர் போடச் சொல்லி எழுதினார். நான் வெளியே கூட்டிக்கொண்டுபோய், "போடாதேங்கோ அக்கா" என்றேன். டொக்டர் அதை அறிந்து என்னைக் கூப்பிட்டார். "மிஸ்ஸி, முதல் எழுதாமல் குடுத்தியள். இப்ப எழுதினதைக் குடுக்காமல் விடுறியள். ரெண்டும் ஒரே பிழைதான்" என்றார். அந்த மனுஷி இன்றைக்கும் அதைப் போட்டுக்கொண்டு சந்தையில் மரக்கறி விற்கிறா. மருந்தில் குற்றமில்லை, தம்பி. உன் இரத்தத்துக்கு அது வேண்டியிருக்கும். எந்தக் குளிசை, எவ்வளவு, எதோடு சேர்க்கக்கூடாது என்பதை உன் தசையையும் ஈரலையும் இரத்தத்தில் சோதித்துப் பார்த்து உன் டொக்டர் சொல்லட்டும். சிலருக்கு அளவைக் குறைத்தால் போதும், சிலருக்கு மாற்ற வேண்டும். சிறுநீர் எப்போதாவது தேத்தண்ணிச் சாயத்தில் போனால் அடுத்த கிளினிக்குக்குக் காத்திராதே, வேலைக்கு லீவு கேட்கிறேன் என்று நில்லாதே. அன்றைக்கே ஆஸ்பத்திரி. அங்கே மிசின் இருக்கிறது, பாதையும் திறந்திருக்கிறது. உன் அப்பாவுக்குக் கிடைக்காத இரண்டும் உன் வீட்டுப் படியில் கிடக்கும்போது வேலைத்தல உழைவு என்று சொல்லிக்கொண்டு நிற்காதே.

வதனி புத்தியான பிள்ளை. இந்தக் கடிதத்தை அவளுக்கும் வாசிக்கக் கொடு. மாமி இப்படிப்பட்டவளோ என்று நினைப்பாள், நினைக்கட்டும். கல்யாணம் செய்யப்போகிற உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். ஒருவரின் மரியாதையைக் காப்பாற்ற மற்றவர் டொக்டருக்கு முன்னால் பொய் சொல்லாதேங்கோ. அது அன்பு என்பதை நான் மறுக்கவில்லை. உன் அப்பாவை விட என்னில் அன்பாக இருந்தவர் ஒருவரும் இல்லை. அந்த அன்புக்கு நான் அன்றைக்கு இடம் கொடுத்திருக்கக்கூடாது. சரி, இப்போது சுகம் விசாரிக்கிறேன். எனக்கு முழங்கால் கொஞ்சம், மற்றப்படி குறையில்லை. உன் சுகத்தை டொக்டரிடம் போய்வந்தபின் எழுது, முன்னால் எழுதாதே.

இதோடு உன் அப்பாவின் கிளினிக் கொப்பியை அனுப்புகிறேன். உன் டொக்டரிடம் காட்டு, குடும்பத்தில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். கடைசிப் பக்கத்தில், டொக்டர் "வேறு மருந்து இல்லை" என்று எழுதிய வரிக்குக் கீழே, நான் நேற்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். நீலக் குளிசையின் பெயர், இரவில் ஒன்று, ஐந்து கிழமை, கொடுத்தது மனைவி. மை வேறு நிறமாக இருக்கும். அது யார் எழுதியது என்று அவர் கேட்டால், என் அம்மா, மூன்று வருஷம் பிந்தி எழுதினவ என்று சொல். பிறகு உன்னிடமும் அதே கேள்வியைக் கேட்பார், வேறு ஏதும் குடிக்கிறீரோ, வேறு ஏதும் நோகிறதோ என்று. உன் அப்பாவைப்போல, "இல்லை" என்று சொல்லிவிடாதே.

அம்மா